வார்டு இரண்டு என்ற பெயரில்

திருத்தணியில் பஸ் நிலையத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பதினான்கு வருஷம் சென்னைக்கு ரயிலில் போய்வந்தேன். இருட்டோடு கிளம்பினால் மணவூர் தாண்டும்போதுதான் பொழுது வெளுக்கும். ஒருநாள் அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. வீட்டிலிருந்து வண்டியில் ஐந்து நிமிஷத்தில் போய்விடக்கூடிய இடத்தில் வேலை கிடைத்ததும், மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிடலாம் என்பதுதான் முதலில் மனசில் தோன்றியது.

ஆஸ்பத்திரி ரொம்பப் பெரியதில்லை. கீழே ஓ.பி., மருந்துக்கடை, லேப். மேலே இரண்டு பொது வார்டுகளும் பத்துப் பன்னிரண்டு தனி அறைகளும். நோயாளிகளில் பாதிப்பேர் ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருவார்கள். அதனால் வார்டில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். யாருக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் படுக்கை என்பதெல்லாம் ஒரு அப்ளிகேஷனில் பதிவாகும். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி எழுதிக் கொடுத்தது அது. அதைப் பார்த்துக்கொள்வதும், கெட்டுப்போன பிரின்டரைச் சரிசெய்வதும், பெரிய டாக்டரின் போனில் இடம் காலி பண்ணிக் கொடுப்பதும் என் வேலை. ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் பெரிய டாக்டர். எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள்.

சேர்ந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். மேல்மாடி கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் திரைக்கு ஓரமாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் "வார்டு2" என்று ஒரு பெயர், கீழே பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் இருப்பவரின் பெயரும் பின்னால் மூன்று எண்களும். நர்ஸ்கள், ட்யூட்டி டாக்டர், கீழே அட்மிஷன் மேஜையில் இருக்கிற பெண், எல்லோரும் அதைப் போட்டுத்தான் உள்ளே போவார்கள். மாற்றலாமே என்று வார்டு பொறுப்பில் இருந்த இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். இருபது வருஷமாக அங்கே இருப்பவர். குரலை உயர்த்தாமலே வார்டை நடத்துவார்.

"இது நல்லாதானம்மா ஓடிக்கினு இருக்குது," என்றார். "ஓடறத ஏன் நிறுத்தணும்?"

நானும் சரி என்று விட்டுவிட்டேன். புதிதாக வந்தவள் முதல் வாரமே எல்லோருக்கும் வேலை வைக்கக்கூடாது என்று நினைத்தேன். அப்படி விட்டது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

நான்கு மாசம் கழித்து ஒரு சம்பவம் நடந்தது. வயதான ஒருவர் நிமோனியாவில் சேர்ந்திருந்தார். அவருக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போட வேண்டிய ஊசி போடப்படவில்லை. காலையில் காய்ச்சல் ஏறியிருந்தது. அவருடைய மகன் வார்டில் நின்று சத்தம் போட்டார். அன்று மாலை ட்யூட்டியில் இருந்தது பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு நர்ஸ். இருபத்தாறு, இருபத்தேழு வயது. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம், அப்பா பவர்லூம் ஓட்டுகிறவர். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் அந்த நர்ஸும் இன்சார்ஜ் சிஸ்டரும் நின்றிருந்தார்கள்.

"அந்த எட்டு மணி ஊசி கேன்சல்னு காட்டுது. யார் கேன்சல் பண்ணதுன்னு பாத்துச் சொல்லுங்க," என்றார்.

அப்ளிகேஷனின் பதிவைத் திறந்து பார்த்தேன். ரத்து செய்தது யார் என்ற இடத்தில் "வார்டு2" என்று இருந்தது. நேரம் மாலை ஆறு நாற்பது.

"வார்டு ரெண்டுன்னுதான் இருக்கு டாக்டர்."

"அதான் யாரு?"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க. எல்லாரும் ஒரே பேர்லதான் உள்ள போறோம்."

அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, "ஸ்கிரீன்ல எட்டு மணிக்கு அவருக்கு ஊசி காட்டலைங்க. காட்டியிருந்தா போட்டிருப்பேன். நான் எதையும் கேன்சல் பண்ணல," என்றாள்.

"ட்யூட்டில இருந்தது நீதானம்மா," என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை.

அந்தப் பெரியவருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, வாரக்கடைசியில் வீட்டுக்குப் போனார். நர்ஸை வார்டிலிருந்து எடுத்து, கீழே ஓ.பி.யில் கட்டுப்போடும் அறைக்கு மாற்றினார்கள். காரணம் எழுதிய ஒரு தாளை அவளுடைய ஃபைலில் வைத்தார்கள். அடுத்த நாள் மருந்துக்கடைக்குப் போகும் வழியில் அவளைப் பார்த்தேன். ஒரு சைக்கிள்காரரின் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"நைனாகிட்ட சொல்லல மேடம். நானே கேட்டு மாத்திக்கினேன்னு சொல்லிட்டேன்." பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, "நான் பண்ணியிருந்தாலும் தெரியாது, பண்ணலன்னாலும் தெரியாது இல்ல?" என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் மேஜைக்குத் திரும்பி வந்தபோது எனக்கு வேலை ஓடவில்லை. சென்னையில் இருந்தபோது ஆயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்தில், யார் எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்று நொடிக்கணக்கில் சொல்ல முடிகிற மாதிரி அமைத்துக் கொடுத்திருக்கிறேன். இங்கே நூற்றுச்சொச்சம் பேர். அதற்கு ஒரு ஒட்டுச்சீட்டு போதும் என்று நானும் ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்குத் தேவையானதில் முக்கால்வாசி ஆஸ்பத்திரியில் ஏற்கனவே இருந்தது. மருந்து ஸ்டோருக்குப் பக்கத்தில், ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறையில் ஒரு சர்வர் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த யாரோ அதில் டைரக்டரி ஒன்றை அமைத்து வைத்திருந்தார்கள். டைரக்டரி என்றால் ஊழியர்களின் பட்டியல்தான். மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட், எந்தப் பிரிவு, என்ன உரிமை என்று எழுதி வைத்திருக்கும். அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அப்ளிகேஷனை இந்தப் பட்டியலோடு இணைத்துவிட்டால், ஒருவர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டதும் அப்ளிகேஷன் தானாக முடிவு செய்யாது. பட்டியலைப் போய்க் கேட்கும். இவர் இன்னார்தானா என்று கேட்டு, ஆமாம் என்று வந்தால் திறக்கும். இல்லை என்று வந்தால் திறக்காது. அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "சிஸ்டர் ஒத்துக்கினா செய்யுங்க," என்றார்.

இன்சார்ஜ் சிஸ்டர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "மூச்சு முட்டிக்கினு ஒருத்தர் வர்றாரு. நான் ஆக்சிஜன் வெக்கறதா, பாஸ்வேர்ட் ஞாபகப்படுத்தறதா? சர்வர் நின்னுபோச்சின்னா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டைரக்டரி பதில் சொல்லாவிட்டால் அவசரத்துக்குத் திறக்க ஒரே ஒரு தனி லாகின் வைப்பது என்று முடிவானது. அதன் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டு, சிஸ்டரின் மேஜை டிராயரில் வைத்தோம். கவரைப் பிரித்தால் ஏன் பிரித்தோம் என்று எழுத வேண்டும். அதற்கு அவர் சம்மதித்தார்.

நர்ஸ்களுக்கு வேறு பயம். சாப்பாட்டு அறையில் அவர்களை உட்கார வைத்து விளக்கியபோது ஒருத்தி கேட்டாள்: "எங்க பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. மறந்துட்டீங்கன்னா புதுசு குடுக்க முடியும். நீங்க வெச்சது என்னான்னு எனக்கும் தெரியாது, சர்வர தெறந்து பாத்தாலும் படிக்க முடியாது."

"அப்ப நாங்க இன்னா பண்றோம்னு பாக்கறதுக்குத்தான இது?"

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "ஆங், அதுவும்தான். நீங்க பண்ணது தெரியும். நீங்க பண்ணாததும் தெரியும்."

எல்லோருக்கும் கட்டுப்போடும் அறையில் இருந்தவளின் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலை. மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. இந்த ஊரில் பாதிப்பேருக்கு முருகனின் பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். வராந்தாவில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்கள். அதிலும் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. ஆந்திரா பக்கத்துக்காரர்களுக்குக் குடும்பத்துக்கே பொதுவான வீட்டுப்பெயர் முன்னால், அப்பா பெயர் நடுவில், சொந்தப் பெயர் கடைசியில். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, டைரக்டரியில் இன்னொரு மாதிரி. கடைசியில் லாகினுக்கு ஊழியர் எண் என்று வைத்துவிட்டேன். ஆனால் திரையில் தெரிவதற்கும் பதிவில் ஏறுவதற்கும் பெயர் சரியாக இருக்க வேண்டும். அதனால் ஒரு நோட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், "உங்க பேரு எப்படி எழுதணும்?" என்று கேட்டேன்.

சாதாரணக் கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொருவரும் நின்று யோசித்தார்கள். படுக்கைகளைச் சுத்தம் செய்யும் ஒரு அம்மா இருந்தார். படுக்கை தயார் என்று அப்ளிகேஷனில் குறிப்பது அவர் வேலைதான். ஆனால் அவருக்காக வேறு யாராவதுதான் குறிப்பார்கள். இனி அவரே குறிக்கலாம் என்றதும், "எனக்கு எழுத்து வராதே கண்ணு," என்றார். எண் தெரிந்தால் போதும் என்றேன். எண் தெரியும் என்றார். பெயருக்கு முன்னால் என்ன இனிஷியல் என்று கேட்டேன்.

"ரேஷன் கார்டுல அவரு பேருதான் இருக்குது. அவரு விட்டுட்டுப் போயி ரொம்ப வருசமாவுது. எங்கப்பா பேரு போடலாமா?"

"தாராளமா போடலாம்."

அந்த ஒரு எழுத்தை நான் நோட்டில் எழுதும்வரை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பட்டியலில் வேலையை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். உயிரோடு என்று நாங்கள் சொல்வது, லாகின் வேலை செய்யும் நிலையில். உண்மையிலேயே இறந்துபோன ஒருவரும் அதில் இருந்தார். லேபில் இருந்தவர். அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய பெயரில் நின்றபோது இன்சார்ஜ் சிஸ்டர் என் பின்னால் வந்து நின்றார்.

"அவரை எடுத்துடுவியா?"

"எடுக்க மாட்டேன் சிஸ்டர். மூடி மட்டும் வைப்பேன். அவர் போட்ட ரிப்போர்ட்ல எல்லாம் அவர் பேர் இருக்கணும் இல்ல?"

"ஆங்," என்றார். "இருக்கட்டும்." அன்றிலிருந்து என்னிடம் பேசும்போது அவர் குரலில் கொஞ்சம் நெருக்கம் வந்தது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த கூட்டமெல்லாம் ஊரைவிட்டுப் போய், வெயிலில் மயங்கி விழுந்தவர்களும் டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒரு திங்கட்கிழமையைக் குறித்தோம். அதற்கு முந்தைய வாரம் ஐந்து பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். நான், அட்மிஷன் மேஜைப் பெண், மருந்துக்கடையில் இரண்டு பேர், கணக்கர். ஐந்து பேருக்கும் திறந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு "வார்டு2" என்ற பெயரை மூடிவிட்டு, நானே வார்டு வார்டாகப் போய்ச் சீட்டுகளைக் கிழித்தேன்.

ஏழரைக்கு ஷிஃப்ட் மாறியது. புதிதாக வந்த நர்ஸ்கள் உட்கார்ந்து எண்ணைப் போட்டார்கள். யாருக்கும் திறக்கவில்லை. பாஸ்வேர்டைத் தப்பாகப் போடுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு முறை போடச் சொன்னேன். திறக்கவில்லை. மூன்றாவது முறையும் இல்லை. இன்சார்ஜ் சிஸ்டருக்கும் திறக்கவில்லை. பக்கத்து வார்டிலும் அதே கதை. எட்டு மணி மருந்துக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது.

சிஸ்டர் டிராயரைத் திறந்து கவரைப் பிரித்தார். அதில் இருந்ததைப் போட்டு உள்ளே போய், எட்டு மணி மருந்துகளை அச்செடுத்து நர்ஸ்கள் கையில் கொடுத்தார். பிறகு கவரின் மேல் தேதி, நேரம், "யாருக்கும் திறக்கவில்லை" என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"போய் பாரும்மா. நான் சமாளிச்சிக்கிறேன்."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சர்வர் அறைக்கு ஓடினேன். டைரக்டரி ஓடிக்கொண்டிருந்தது. என் லாகினைப் போட்டால் திறந்தது. கேபிளைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், பாஸ்வேர்ட் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டால், வாட்ச்மேன் எடுத்து, பத்து மணிக்கு மேல்தான் ஆட்கள் வருவார்கள் என்றார். பழைய பெயரையே திறந்து, சீட்டை எழுதி ஒட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அப்போது அறை வாசலில் அந்தப் பள்ளிப்பட்டு நர்ஸ் வந்து நின்றாள். கையில் ஒரு தாள்.

"மேடம், கட்டுப்போடற ரூம்லயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்குது இல்ல, எனக்கும் தெறக்கல. அதான் கீழயும் மேலயும் போய் எல்லாரையும் கேட்டு எழுதிக்கினு வந்தேன். தெறந்தவங்க இந்தப் பக்கம், தெறக்காதவங்க அந்தப் பக்கம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க நர்ஸ்கள், லேப், இரண்டு டாக்டர்கள். இன்னொரு பக்கம் அட்மிஷன், மருந்துக்கடை, கணக்கர்.

"மருந்துக்கடைல இருக்கறவங்க ரெண்டு பேரும் மொதல்ல ஆபீஸ்ல இருந்தவங்க மேடம்," என்றாள். "தெறந்தவங்க எல்லாருமே ஆபீஸ் ஆளுங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. அது மட்டும் ஒரு மாதிரி இருந்திச்சி."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. டைரக்டரி ஒரு மரம் என்றேன் இல்லையா, எந்தக் கிளையிலிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும் என்று அப்ளிகேஷனுக்குச் சொல்ல வேண்டும். முதன்முதலில் என் லாகினை வைத்துச் சோதித்தபோது, நான் இருக்கும் அலுவலகக் கிளையை அந்த இடத்தில் எழுதியிருந்தேன். பிறகு மாற்ற மறந்துவிட்டேன். சோதனைக்குக் கூப்பிட்ட ஐந்து பேரும் அதே கிளை. என் மேஜைக்குப் பக்கத்தில் கைக்கு எட்டியவர்களை மட்டும் கூப்பிட்டிருந்தேன். மாடி ஏறி ஒரு நர்ஸையாவது கேட்டிருந்தால் போன வாரமே தெரிந்திருக்கும். செவிலியர் கிளையை நானே உட்கார்ந்து உண்டாக்கி, ஒவ்வொரு பெயராக ஏற்றியிருந்தேன். அப்ளிகேஷன் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

ஒரு வரியைத் திருத்தி, மரத்தின் அடியிலிருந்து தேடும்படி மாற்றினேன். "இப்ப உங்க நம்பரப் போட்டுப் பாருங்க," என்று என் நாற்காலியிலேயே அவளை உட்கார வைத்தேன். எண்ணைப் போட்டாள், பாஸ்வேர்டைப் போட்டாள். திரை திறந்தது. மேல் மூலையில் அவளுடைய முழுப்பெயர் வந்தது, வீட்டுப்பெயரோடு. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வந்துடுச்சி மேடம்," என்றாள். எழுந்து, "மேல போய் சொல்லிட்டு வர்றேன்," என்று ஓடினாள். வார்டை விட்டு அனுப்பப்பட்ட பிறகு அவள் படியேறியது அன்றைக்குத்தான் என்று பின்னால் தெரிந்தது.

முதல் இரண்டு வாரம் மறந்துபோன பாஸ்வேர்டுகளை மாற்றிக் கொடுப்பதிலேயே கழிந்தது. பிறகு பழகிவிட்டது. ஒருவர் எழுந்துபோகும்போது வெளியேறுவதும், அடுத்தவர் தன் எண்ணைப் போடுவதும் கைப்பழக்கமாயிற்று.

இரண்டு மாசம் ஆனதும் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு இன்சார்ஜ் சிஸ்டர் என் அறைக்கு வந்தார். கூடவே அட்மிஷன் மேஜைப் பெண், அழுகிற முகத்தோடு.

"ஒரு பாட்டிக்கு பன்னெண்டு மணி ஊசி ஸ்கிரீன்ல இல்ல," என்றார் சிஸ்டர். "டாக்டர் கைப்பட எழுதின கேஸ் ஷீட்ல இருக்குது. நான் ரெண்டையும் வெச்சிப் பாத்ததால தெரிஞ்சிது. யார் கேன்சல் பண்ணதுன்னு பாத்தா, பத்தே முக்காலுக்கு இவ பேரு வருது."

"நான் அந்தப் பக்கமே போவல மேடம்," என்றாள் அந்தப் பெண். "மருந்து ஸ்கிரீன் எனக்குத் தெறக்கவே தெறக்காது."

அது உண்மை. அட்மிஷன் மேஜைக்கு மருந்துப் பக்கத்தைத் திறக்கும் உரிமையை நான் கொடுக்கவில்லை. திறக்கவே முடியாத பக்கத்தில் அவள் எப்படி ஒன்றை ரத்து செய்திருக்க முடியும்?

"பத்தே முக்காலுக்கு நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? யோசிச்சி சொல்லுங்க."

"அந்தப் பாட்டிய வார்டுலருந்து ரூமுக்கு மாத்தினேன். அவங்க பையன் ரூம் கேட்டாரு. பெட் மாத்தறது நாந்தான மேடம்."

பயிற்சிக்காக வைத்திருந்த நகலில், இல்லாத ஒரு நோயாளியை உண்டாக்கினேன். அவருக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு ஊசி, ஐந்து மணி நேரம் கழித்து ஒரு ஊசி எழுதினேன். பிறகு படுக்கையை மாற்றினேன். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய படுக்கையில் இருந்த மருந்துகளையெல்லாம், படுக்கையை மாற்றியவர் பெயரில், அப்ளிகேஷனே ரத்து செய்துவிட்டு, புதுப் படுக்கைக்கு மறுபடி எழுதியது. ஐந்து மணி நேரம் கழித்து வரவேண்டியது வந்தது. சீக்கிரமே வரவேண்டிய ஊசி மட்டும் வரவில்லை. யாரும் அதைத் தொடவில்லை. எங்கள் கண்முன்னால் அது காணாமல் போனது.

இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்த நிமோனியா தாத்தா," என்றார்.

படுக்கை ரிஜிஸ்டரை அவரே போய் எடுத்து வந்தார். அது காகிதத்தில் எழுதுவது. அந்தத் தேதியைப் புரட்டினோம். பொது வார்டு ஆறாம் படுக்கையிலிருந்து தனி அறைக்கு மாற்றம், மாலை ஆறு நாற்பது.

"அப்ப நீ எந்தப் பேர்ல மாத்தின?" என்று சிஸ்டர் அந்தப் பெண்ணைக் கேட்டார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "வார்டு ரெண்டு. எல்லாரும் அதான போட்டுக்கினு இருந்தோம்."

வார்டில் இருந்த எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லி, அன்றைக்குப் படுக்கை மாறிய எல்லோருடைய மருந்தையும் கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்த்தோம். சென்னைக் கம்பெனிக்கு நான் எடுத்த ஸ்கிரீன்ஷாட்களை அனுப்பினேன். மறுநாளே ஆள் வந்தார். அந்த வாரத்துக்குள் தவறு சரியானது.

கோளாறு தெரிந்த மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் பெரிய டாக்டர் பள்ளிப்பட்டு நர்ஸை மேலே வரச் சொன்னார். தன் அறைக்குக் கூப்பிடாமல் வார்டிலேயே, நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். எல்லோரும் இருந்தோம்.

"அன்னிக்கு தப்பு உன்னுது இல்லம்மா. அப்ளிகேஷன்ல இருந்த கோளாறு. நான் சரியா விசாரிக்காம மாத்திட்டேன். என் தப்புதான்."

அவள் தலையாட்டினாள். நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

"எழுத்துல தருவீங்களா டாக்டர்?"

"எழுத்துலயா?"

"மாத்தினதுக்கு எழுத்துல குடுத்தீங்க. அது என் ஃபைல்ல இருக்குது. இதுவும் அதுக்குப் பக்கத்துல இருக்கணும்."

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரியாத்தான் கேக்கற," என்றார். மத்தியானத்துக்குள் தாள் வந்தது. சுற்றி வளைக்காமல் நான்கு வரி, கீழே அவருடைய கையெழுத்து. அவள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஃபைலில் வைக்க விட்டாள்.

இன்சார்ஜ் சிஸ்டர் அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் அவளை மறுபடி வார்டுக்கு எடுத்து, அடுத்த மாத ட்யூட்டிப் பட்டியலைப் போடும்போது அவளைக் கூப்பிட்டு, "பள்ளிப்பட்டு பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டு, அதற்குத் தோதாக ஷிஃப்ட் போட்டதைப் பார்த்தேன். படுக்கை மாறினால் மருந்தை ஒத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியையும் வார்டில் கொண்டுவந்தார். கோளாறு சரியாகிவிட்டது என்று நான் சொன்னதற்கு, "அது மறுபடியும் மறக்கும்மா, நாம மறக்கக் கூடாது," என்றார்.

தாள் கிடைத்த வாரக் கடைசியில் அவள் சாப்பாட்டு அறையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல், மாற்றியதையும், மாற்றியது தப்பு என்று எழுதிக் கொடுத்ததையும் ஒரே போனில்.

"இன்னா சொன்னாரு?"

"இத்தினி மாசம் சொல்லலயேன்னு திட்டினாரு. அப்புறம் அந்தத் தாள படிச்சிக் காட்டச் சொன்னாரு. தறி சத்தத்துல கேக்கல, நிறுத்திட்டு வர்றேன் மறுபடியும் படின்னாரு." டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டாள். "ரெண்டு தடவ படிச்சேன் மேடம்."

எனக்கும் பசி எடுத்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கேன்டீனில் எலுமிச்சை சாதம் வாங்கி அவளோடு சாப்பிட்டேன். அன்றைக்குத் திறந்தவர்கள், திறக்காதவர்கள் என்று பிரித்து எழுத எப்படித் தோன்றியது என்று கேட்டேன். கட்டுப்போடும் அறையில் சும்மா நிற்கப் பிடிக்காமல் எழுதியதாகச் சொன்னாள். கம்ப்யூட்டரில் இதைப் பற்றி இன்னும் படிக்கலாமா, எங்கே படிக்கலாம் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கனகம்மாசத்திரத்தில், ரோட்டு ஓரமாக, ஒரு சின்ன கிளினிக் திறந்தார்கள். அங்கே எட்டுப் பேர். அவர்களையும் அதே பட்டியலில் ஒரு புதுக் கிளையாகச் சேர்க்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நானும் அவளும் போனோம். வார்டிலிருந்து ஒரு நர்ஸ் கூட வந்து சொல்லிக் கொடுத்தால்தான் நர்ஸ்களுக்குப் புரியும் என்று பெரிய டாக்டரிடம் கேட்டு அவளை அழைத்துப் போயிருந்தேன். வழியெல்லாம் திருப்பதி போகும் வண்டிகள் எங்களைத் தாண்டிக்கொண்டே இருந்தன. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு, இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கண்ணா," என்றாள். "உங்க பேரு எப்படி எழுதணும்?"